அடி அண்ணாமலையும் தமிழ்த்தூதும்

(தமிழ் ஆனர்ஸ் இரண்டாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன்)

முகவுரை

திருவண்ணாமலையை வலம்வரும் பாதை ஏறக்குறையப் பதினான்கு கிலோமீட்டர் நீளமுடையது. பெருங்கோயில் மலையின் கிழக்கே விளங்க, மலைக்குப் பின்புறத்தே அப்பாதையில் அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை என்பது. அங்குள்ள ஆதி அருணாசலேசுவரர் கோயில், பிரமன் இலிங்கம் நிறுவி வழிபட்ட இடமெனச் சைவப் பெருமக்கள் போற்றுவர். அதற்கு அணித்தே மாணிக்கவாசகருக்கெனத் தனியே ஒரு சிறு கோயில் உண்டு. திருவெம்பாவையின் இருபது பாடல்களும் ஈண்டுப் பிறந்தன என்பது வழிவழி வந்த கொள்கையாகும்.

சென்ற மார்கழித் திங்களில், கிறிஸ்து பிறப்பு விடுமுறையின்போது, யான் என் ஊருக்குச் சென்றிருந்தேன். மலையைச் சூழ்ந்த சிற்றூர்களுள் ஒன்று அது. என் பாட்டனார் அங்கே நெடுங்காலம் உபதேசியாராய் ஊழியம் செய்தவர். என் இளமை நண்பன் ஒருவன், சைவக் குடியிற் பிறந்தவன், "திருவெம்பாவையைப் பாடமாகப் படிக்கின்றாய், அது பிறந்த இடத்தில் ஒருமுறை கேட்டுப் பார்" என்று அழைத்தான். இருள் பிரியுமுன் இருவரும் சென்றோம். யான் வாயிற்புறத்தே ஒதுங்கி நின்றேன். உள்ளே முதியவர் ஒருவர் பாட, சிறுவர் சிலர் தொடர்ந்து பாடினர். வகுப்பறையில் சொல்லும் பொருளும் இலக்கணமுமாய்ப் பிரித்துக் கற்ற பாட்டு, அந்தப் பனியில் ஒருமையுற்று உயிரோடு எழுந்து வந்தது.

பாட்டு முடிந்தபின் அம்முதியவர் என்னை நோக்கி, "தம்பி யார் வீட்டுப் பிள்ளை?" என்றார். "உபதேசியார் பேரன், ஐயா" என்றேன். "வேதக்காரப் பிள்ளையா? வா, வா. இந்தப் பாட்டு உனக்கு எதற்கப்பா? பரீட்சைக்கா?" என்று கேட்டார். அவர் கேள்வியில் இகழ்ச்சி சிறிதும் இல்லை. அறியும் விருப்பமே இருந்தது. யானோ, "ஆம் ஐயா, பரீட்சைக்குத்தான்" என்று கூறித் தலைகவிழ்ந்தேன்.

என் விடை பொய்யன்று. ஆயினும் முழு மெய்யும் அன்று. வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி என்னோடு நடந்து வந்தது. கிறிஸ்தவனாகிய எனக்கு இப்பாட்டு எதற்கு? தமிழன் என்ற முறையால் இஃது எனக்கும் உரியதெனின், அவ்வுரிமைக்கு யான் செலுத்திய விலை யாது? இவ்வினாவுக்குச் சொல்லால் அன்றித் தம் வாழ்க்கையால் விடைகூறிய ஒருவரைப் பற்றி எழுதுதலே இக்கட்டுரையின் நோக்கம். அவர் சேவியர் தனிநாயகம் அடிகள் என்னும் கத்தோலிக்க குரு.

தூது என்பது யாது?

தூது என்னும் சொல் தமிழர்க்குப் புதிதன்று. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூறு கூறும். அவ்வதியமான் பெயரைத் தாங்கிய கல்வெட்டொன்று, திருக்கோவலூருக்கு அருகேயுள்ள சம்பை என்னும் ஊரில் 1981-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது; அஃது எம் மலைக்குத் தொலைவான இடமன்று.

ஆயினும் அரசர்பொருட்டுச் செல்லும் தூது வேறு. ஒரு மக்களின் மொழியையும் கலையையும் பிற மக்களுக்கு அறிவிக்கச் செல்லும் தூது வேறு. முன்னதற்குப் படையும் பொருளும் துணைநிற்கும். பின்னதற்கு அறிவும் அன்பும் அன்றிப் பிறிதொரு துணை இல்லை. மேலும், பிறர்க்குக் காட்டப் புகுவோன் தன் வீட்டில் உள்ளதை முதலில் அறிந்து காத்தல் வேண்டும். ஆதலின், மரபைக் காத்தலும் மரபைத் தூது கொண்டு செல்லுதலும் ஒரு தொழிலின் இரு கைகள் போல்வன. அடிகளின் வாழ்வில் இவ்விரண்டும் பிரியாது நின்றன என்பதை இனி நோக்குவாம்.

பிறப்பும் கல்வியும்

அடிகள் 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், யாழ்ப்பாணத்தைச் சார்ந்த ஊர்காவற்றுறைப் பகுதியிலுள்ள கரம்பொன் என்னும் ஊரிற் பிறந்தார். யாழ்ப்பாணத்துப் பத்திரிசியார் கல்லூரியிலும் பின்னர்க் கொழும்புக் குருமடத்திலும் பயின்றார். 1934-இல் உரோமை மாநகர் சென்று இறையியல் கற்று, 1938-இல் குருப்பட்டம் பெற்றார். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேசு நகரில் விளங்கிய திருச்சபையின் குருமாரைப் பற்றி ஆராய்ந்து இறையியலிற் பண்டிதப் பட்டமும் எய்தினார்.

பின்னர்த் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்று, 1940 முதல் 1945 வரை வடக்கன்குளத்துத் தெரேசம்மாள் பள்ளியில் ஆசிரியராய் இருந்தார். இலத்தீன், இத்தாலியம் முதலிய பல மொழிகளைக் கற்ற அவருக்கு, தாய்மொழி இலக்கியத்தில் ஆழ்ந்த பயிற்சி அதுவரை வாய்த்திலது. இக்குறையை அவர் மறைத்திலர். மனம் தளர்ந்தும் இலர். வடக்கன்குளத்திலேயே தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் முறையே பாடங்கேட்கத் தொடங்கினார். 1945-இல், தம் முப்பத்திரண்டாம் வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணாக்கராய்ச் சேர்ந்தார். அங்கே முதுகலைப் பட்டம் பெற்றதோடு, பழந்தமிழ்ச் செய்யுளில் இயற்கை பெற்ற இடத்தை ஆராய்ந்து ஆய்வுப் பட்டமும் பெற்றார். அவ்வாராய்ச்சி பின்னர் ஆங்கில நூலாக வெளிவந்து, சங்கச் செய்யுளைத் தமிழறியாத அறிஞர்க்கு அறிமுகம் செய்தது.

இளைஞராகிய நாம் ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். உரோமையிற் பட்டம் பெற்ற ஒரு குரு, தம்மினும் பத்தாண்டு இளையாரோடு ஒரே பலகையில் அமர்ந்து ஐந்திணையும் துறையும் கற்றார். கற்றுக்கொடுப்பார் யாவர், அவர் சமயம் யாது என அவர் வினவவில்லை. தமக்குத் தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொண்ட அவ்வடக்கமே, பிற்காலத்து அவர் ஏறிய உயரத்திற்கெல்லாம் முதற்படியாயிற்று.

உலகப் பயணமும் திங்களிதழும்

1948-இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை அடிகள் நிறுவினார். அடுத்த ஆண்டு முதல் சப்பான், அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்று, தமிழிலக்கியமும் தமிழர் பண்பாடும் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அக்காலத்து மேனாட்டார் பலர்க்கு இந்தியா என்றவுடன் வடமொழி நூல்களே நினைவுக்கு வந்தன. தென்னாட்டில் ஈராயிரம் ஆண்டுப் பழமையும் இன்றுவரை அறாத வழக்கும் உடைய மற்றுமொரு செம்மொழி உண்டு என்பதை, பழிப்புரை ஏதுமின்றிச் சான்றுகளால் நிறுவுதலே அவர் மேற்கொண்ட முறை.

சொற்பொழிவு காற்றொடு போம், எழுத்து நிற்கும். ஆதலின் 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்களிதழைத் தொடங்கினார். தமிழறிஞரும் மேனாட்டுத் திராவிடமொழி ஆராய்ச்சியாளரும் ஒருங்கே எழுதிய இதழ் அது. தமிழ் கற்றார் ஆங்கிலத்தில் எழுதாமையும், ஆங்கிலம் கற்றார் தமிழைக் கல்லாமையும் அக்காலத்து நிலவிய பெருங்குறைகள். அவ்விரு கரைகட்கும் இடையே இவ்விதழ் பாலமாய் நின்றது. அவருடைய 'தமிழ்த்தூது', 'ஒன்றே உலகம்' என்னும் தமிழ் நூல்களோ, உலகிற் கண்டதைத் தமிழர்க்குக் கூறுவன. தூதன் என்போன் இருபுறமும் செய்தி கொண்டு செல்வோன் அன்றோ?

பழம்பதிப்புகளைத் தேடியமை

மேனாட்டு நூலகங்களில் உறங்கிக் கிடந்த தமிழ்ச் சுவடிகளையும் முதற்பதிப்புகளையும் அடிகள் தேடித் தேடிக் கண்டார். அவை பற்றித் தம் இதழில் விரிவாய் எழுதினார். இவற்றுள் மூன்றினைக் கூறுவாம்.

முதலாவது, 1554-ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் அச்சாகிய சிறு மறைநூல். அதில் தமிழ்ச் சொற்கள் உரோமை எழுத்தில் அமைந்துள்ளன. உடன் போர்த்துக்கீசியப் பொருளும் தரப்பட்டுள்ளது. இந்நூலைச் செய்தோர் வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா குரூஸ் என்னும் பெயருடைய இந்தியக் கிறிஸ்தவர் மூவர். தமிழ்மொழி அச்சுப்பொறியைக் கண்டது அந்நூலிலேயாம். லிஸ்பன் காட்சிச்சாலையில் இருந்த அந்நூலின் அருமையைத் தமிழுலகிற்கு எடுத்துரைத்தவர் அடிகள்.

இரண்டாவது, என்றிக்கே என்றிக்கசு பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்'. 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துக்களாலேயே அச்சிடப்பட்ட பதினாறு பக்க நூல் இது. இந்திய மொழிகளின் எழுத்து வடிவில் அச்சாகி நமக்குக் கிடைத்த நூல்களுள் இதுவே மூத்தது. இதனை முதலிற் கண்டறிந்தவர் தனிநாயகம் அடிகளே எனச் சிலர் மேடைகளிற் கூறக் கேட்டுள்ளேன். அது பொருந்தாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலுள்ள படியைப் பற்றி ஷுர்ஹாமர், காட்ரல் என்னும் இருவர் 1952-இலேயே எழுதினர். அதன் பெருமையைத் தமிழறிஞர் நடுவே பரப்பியதே அடிகளின் தொண்டு. அவர் நிறுவிய தூத்துக்குடிக் கழகம் அந்நூலை 1963-இல் மறுபதிப்பாக வெளியிட்டது. உரியவர்க்கு உரிய புகழை அளித்தல் ஆராய்ச்சியின் அறம். அடிகட்குப் பொய்ப்புகழ் வேண்டுவதில்லை.

மூன்றாவது, அந்தாம் தெ புரோயென்சா பாதிரியார் தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி. அவர் மறைந்தபின், 1679-இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் இது அச்சாயிற்று. வத்திக்கான் நூலகத்திலிருந்த படியை அடிகள் நிழற்பதிப்பாக்கி, 1966-இல் கோலாலம்பூரில் வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டுத் தமிழர் நாள்தோறும் வழங்கிய சொற்கள் பல அதனுள் உள. புலவர் நூல்களிற் காணப்படாத அச்சொற்களை, அயல்நாட்டுக் குரு ஒருவர் கேட்டு எழுதிவைத்தமையால் நாம் இன்று அறிகின்றோம்.

சயாம் நாட்டில் திருவெம்பாவை

இனி அடி அண்ணாமலைக்கு மீள்வாம். அல்லது அங்கிருந்து கடல் கடப்பாம்.

சயாம் எனப் பண்டு வழங்கிய தாய்லாந்தின் தலைநகராகிய பாங்காக்கில், செந்நிறம் தீட்டிய மிக உயர்ந்த இரு தேக்கமரத் தூண்கள் நிற்கின்றன. 1784-ஆம் ஆண்டு முதலாம் இராமர் என்னும் மன்னர் காலத்தில் நிறுவிய ஊஞ்சல் அது. பின்னர்ப் பலமுறை புதுப்பிக்கப்பட்டது. அதில் ஆண்டுதோறும் நிகழ்ந்த விழாவுக்குத் 'திரியம்பாவை திரிப்பாவை' என்பது பெயர். சொல்லைச் செவியால் நுகர்வார்க்கு விளக்கம் வேண்டா. திருவெம்பாவை, திருப்பாவை என்னும் நம் நூற்பெயர்களே சயாமியர் நாவில் அவ்வாறு திரிந்தன என அறிஞர் துணிந்துள்ளனர். சிவபெருமானை வரவேற்கும் விழா, ஏறத்தாழ நம் மார்கழி தைப் பருவத்திலேயே அங்கும் நிகழும். ஊஞ்சலாட்டம் 1935-இல் நின்றுவிட்டது. அரசவைப் பிராமணர் செய்யும் வழிபாடும் ஓதுதலும் மட்டும் தொடர்கின்றன. ஓதுவோர்க்கு அச்சொற்களின் பொருள் மறந்துபோயிற்று. ஒலி மட்டும் தலைமுறை தலைமுறையாய் நின்றது.

தனிநாயகம் அடிகள் தென்கிழக்காசிய நாடுகளிற் பயணஞ் செய்து, இவ்வுண்மையைத் தம் கட்டுரைகளிலும் பயண நூலிலும் எடுத்துக்காட்டினார். ஒரு கத்தோலிக்க குரு, புத்த சமய நாட்டில், சைவத் திருப்பாட்டின் சுவட்டைக் கண்டு உவந்து தமிழர்க்கு அறிவித்தார் என்பதை எண்ணுங்கால், அம்முதியவர் என்னிடம் கேட்ட கேள்வியின் கடுமை குறைகின்றது. அவர் அப்பாட்டைத் தம் சமயமாக்கிக் கொள்ளவில்லை. தம் சமயத்தின் பெயரால் அதனை ஒதுக்கவும் இல்லை. தம் முன்னோர் மொழியிற் பிறந்த அருஞ்செல்வம் எங்கேனும் அழியாது கிடந்தால், அதனைக் கண்டு காத்தல் தம் கடன் எனக் கருதினார்.

இவ்வாறு கருதியவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். ஜி. யு. போப் ஐயர் தம் எண்பதாம் அகவையில், 1900-ஆம் ஆண்டு, திருவாசகம் முழுமையையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். வீரமாமுனிவர் தேம்பாவணி பாடுதற்குமுன் தமிழ்க் காப்பிய மரபைக் கசடறக் கற்றார். கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைக் கற்போர், கம்பனைக் கற்ற உள்ளம் அதனுள் இருப்பதை உணர்வர். நம் ஆலயங்களிற் பாடும் கீர்த்தனைகளின் இராகமும் தாளமும் எங்கிருந்து வந்தன? தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அவற்றை அயல்நாட்டிலிருந்து கொணர்ந்தாரல்லர். ஆகவே, யாம் உண்ணும் சோறு விளைந்த வயலை யாம் அறிந்துகொள்ளல் விசுவாசத்திற்கு இழுக்காகாது, நன்றியே ஆகும்.

உலகத் தமிழாராய்ச்சி மன்றம்

1952 முதல் அடிகள் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளராய் இருந்தார். இடையே இலண்டன் சென்று கல்வி வரலாற்றில் ஆராய்ந்து மற்றுமொரு பண்டிதப் பட்டமும் பெற்றார். 1956-இல் இலங்கையில் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி எனச் சட்டம் செய்தபோது, தமிழ்மொழியின் உரிமைக்காக அஞ்சாது பேசினார். 1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியத் துறையின் பேராசிரியராய்க் கோலாலம்பூர் சென்றார்.

1964-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியது. வந்திருந்த தமிழாராய்ச்சியாளர்களை அடிகளும் பேராசிரியர் வ. ஐ. சுப்பிரமணியமும் ஒருங்கு கூட்டினர். அக்கூட்டத்திற் பிறந்ததே உலகத் தமிழாராய்ச்சி மன்றம். பிரான்சு நாட்டு ஜீன் பிலியோசா தலைவரானார். தனிநாயகம் அடிகளும் செக்கோசுலவாக்கிய நாட்டுக் கமில் சுவலபிலும் பொதுச் செயலாளராயினர். தமிழுக்கென அமைந்த மன்றத்தின் தலைமையைப் பிரஞ்சுக்காரர் ஒருவரிடம் அளித்தமையில் ஒரு நுட்பம் உண்டு. தமிழ் தமிழர்க்கு மட்டும் உரிய செல்வமாயின், அதனைத் தமிழரே புகழ்ந்துகொள்ள நேரும்; உலகின் செல்வமாயின், உலகமே அதனை ஆராயும்.

முதல் மாநாடு 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில் நிகழ்ந்தது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கிவைத்தார். இரண்டாம் மாநாடு 1968-இல், அறிஞர் அண்ணாதுரை முதலமைச்சராய் இருந்த காலத்தில், சென்னையில் பெருவிழாவாய் நடந்தது. மூன்றாவது 1970-இல் பாரிசு மாநகரிலும், நான்காவது 1974-இல் யாழ்ப்பாணத்திலும் நடைபெற்றன. ஊர்வலமும் தோரணமும் மக்களுக்கு ஊக்கந் தருவன. அவை வேண்டாவென யான் கூறேன். ஆயின், தோரணம் வாடியபின்னும் நிற்பவை கட்டுரைத் தொகுதிகளும் அகராதிகளும் நூற்பட்டியல்களுமே. அடிகள் உழைத்தது அவற்றின்பொருட்டு.

மாரூன் மக்களும் கடல் கடந்த தமிழரும்

பிற நாடுகளிலும் இத்தகு பணி நடைபெறுகின்றது. மேற்கிந்தியத் தீவாகிய யமேக்காவில் மாரூன் என்னும் மக்கள் உளர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்டு, தோட்டங்களிலிருந்து தப்பி, நீலமலைக் காடுகளில் உரிமை வாழ்வு வாழ்ந்தோரின் வழியினர் அவர். 1739-இல் ஆங்கிலேயரே அவர்களோடு உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. அவர்தம் தலைவரைக் கர்னல் என்பர். முன்னோரை அழைக்கும் பாட்டும், முழவும், அபெங் என்னும் மாட்டுக்கொம்பின் ஓசையும், குரோமாந்தி என்னும் பழமொழியின் எச்சமும் அவர்களிடம் உள்ளன. மூர்டவுன் என்னும் ஊரில் வாழும் அம்மரபை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ மன்றம் 2003-இல் மானிட குலத்தின் அரும்பொருள் எனப் பாராட்டி, 2008-இல் தன் பட்டியலிற் சேர்த்தது. அவர்கட்குக் கோபுரமில்லை; கல்வெட்டில்லை; ஏட்டுச்சுவடியும் இல்லை. பாட்டும் நினைவுமே அவர்தம் கோயில்.

இதனைப் படித்தபோது நம்மவரை எண்ணினேன். 1834 முதல் மொரீசியசுத் தீவுக்கும், 1853 முதல் மார்த்தினிக்குத் தீவுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்க நேத்தாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாய்த் தமிழர் சென்றனர். அவருள் வடஆர்க்காடு, தென்ஆர்க்காடுப் பகுதிகளிலிருந்து போனோர் பலர். அவர்தம் வழித்தோன்றல் பலர்க்கு இன்று தமிழ் பேச வாராது. எனினும் மாரியம்மன் பாட்டும் திருவிழா முறையும் மறந்திலர். சயாமிற் பொருள் மறந்து ஒலி நின்றதுபோலவே ஈண்டும் மொழி மறந்து பாட்டு நின்றது. ஒரு மரபு அழியுங்கால் கடைசியாய் அழிவது பாட்டு. ஆதலின் காக்கத் தொடங்குவோன் முதலிற் காக்கவேண்டுவதும் பாட்டே.

தீயும் கறையானும்

மரபுக்குப் பகைவர் பலர். யாழ்ப்பாண மாநாட்டின் இறுதி நாளாகிய 1974 சனவரி 10-ஆம் நாள், கூடியிருந்த மக்கள்மீது காவலர் பாய்ந்ததனால் விளைந்த குழப்பத்தில், அறுந்த மின்கம்பி தாக்கியும் பிறவாறும் ஒன்பது பேர் உயிரிழந்தனர். தனிநாயகம் அடிகள் 1980 செப்டம்பர் 1-ஆம் நாள் யாழ்ப்பாண நாட்டிலே இறைவனடி சேர்ந்தார். ஓராண்டு நிரம்புமுன்னே, 1981 மே 31-ஆம் நாள் இரவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியால், பன்மொழி கற்ற தாவீது அடிகள் என்னும் குரு உயிர்நீத்தார் என்பர். வாழ்நாளெல்லாம் நூல்களைத் தேடித் திரிந்த தனிநாயகம் அடிகள் அக்காட்சியைக் காணாது சென்றது இறைவன் அருளோ என எண்ணத் தோன்றுகின்றது.

தீயை நாம் எளிதிற் பழிக்கின்றோம். கறையானை யார் பழிப்பர்? என் பாட்டனார் தம் கைப்பட எழுதிவைத்த குறிப்பேடு ஒன்று எம் வீட்டுப் பரணில் இருந்தது. தாம் கேட்ட கீர்த்தனைகளும், ஊர்ப்பெண்கள் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும், அறுவடைக் காலத்து நன்றிப் பாட்டுக்களும் அதனுள் எழுதப்பட்டிருந்தன என்று என் தந்தையார் கூறுவார். யான் இக்கலாசாலையிற் சேர்ந்த ஆண்டிலே அதனை எடுத்துப் பார்க்கக் கருதினேன். அடுத்த விடுமுறைக்கு ஆகட்டும் என்றிருந்தேன். இம்முறை பரணில் ஏறிக் கையை வைத்தபோது, மண்ணும் பொடியுமே விரலில் ஒட்டின. எம் வீட்டு நூலகத்தை எரித்தவர் எவரும் இலர். பகைவன் யானே, என் சோம்பலே.

முடிவுரை

பொங்கல் விடுமுறையில் மீண்டும் அடி அண்ணாமலைக்குச் சென்றேன். அம்முதியவரைக் கண்டு வணங்கி, "ஐயா, அன்று தாங்கள் கேட்டதற்கு யான் சரியாக விடை சொல்லவில்லை" என்று தொடங்கினேன். சயாம் நாட்டு ஊஞ்சலைப் பற்றியும், அங்கே பொருளறியாமல் ஓதுவோரைப் பற்றியும், அதனை எழுதிவைத்த வேதக்காரக் குருவைப் பற்றியும் கூறினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அந்தச் சாமியார் பேர் என்ன சொன்னாய்?" என்றார். "தனிநாயகம், ஐயா." "நல்ல பேர்" என்றார்.

உள்ளே சென்று பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். தம் தந்தையார் பாடிய மெட்டுக்களைக் குறித்துவைத்தது அது. ஓரங்கள் உதிர்ந்திருந்தன. "என் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். எனக்குக் கண் தெரியவில்லை. நீ எழுதிக்கொள்வாயா, தம்பி?" என்றார். அன்று மாலை வரை அவர் திண்ணையில் அமர்ந்து ஒன்பது பக்கம் படியெடுத்தேன். ஐயமுற்ற இடங்களில் அவர் பாடிக் காட்டினார். எஞ்சியதை வரும் கோடை விடுமுறையில் முடிப்பதாய்ச் சொல்லி வந்துள்ளேன்.

நண்பர்காள்! நம்முள் எல்லாரும் உரோமைக்கும் லிஸ்பனுக்கும் செல்லவியலாது. ஆயினும் நம் ஒவ்வொருவர் ஊரிலும் ஒரு பரண் உண்டு; ஒரு பாட்டியார் உண்டு; பழைய ஆலயத்தில் ஞானஸ்நானப் பதிவேடும், கல்லறைத் தோட்டத்தில் எழுத்து மங்கிய கற்களும் உண்டு. அவற்றுள் ஒன்றையேனும் இவ்வாண்டு விடுமுறையில் எழுதிக்கொண்டு வருவோமாயின், அதனை வைக்க நம் கலாசாலை நூலகத்தில் ஓர் அலமாரி போதும். பாடுவோரின் குரலைக் கைபேசியிற் பதிந்து வைப்பதும் இன்று எளிது. எழுதுங்கால், பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகிய மூன்றையும் குறித்தல் மறவற்க. அவையின்றேல் பின்வரும் ஆராய்ச்சியாளர்க்குப் பயன் பாதியாகும். ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணாக்கரும் இதற்குத் துணைபுரிவாராக.

இப்பாட்டு உனக்கு எதற்கு என்று இனி எவரேனும் என்னைக் கேட்பின், பரீட்சைக்கு என்று கூறேன். எனக்கு முன்னே ஒருவர் காத்துத் தந்தார். எனக்குப் பின்னே ஒருவர் கேட்பார். இடையே அதனை இழவாதிருத்தல் என் கடன் என்பேன்.